கிரேட் அலெகெனி பாஸேஜ்: பழைய ரயில் தடத்தில் முதல்முறை சைக்கிளில் போகிறவர்களுக்கு

அமெரிக்காவில் ரயில் ஓடாமல் போன தடங்களில் தண்டவாளத்தைப் பெயர்த்து எடுத்துவிட்டு, நடக்கவும் சைக்கிள் ஓட்டவும் பாதை (டிரெயில்) போட்டிருக்கிறார்கள். அவற்றில் பலரும் முதலில் போக ஆசைப்படுவது கிரேட் அலெகெனி பாஸேஜ். பென்சில்வேனியாவின் பிட்ஸ்பர்கில் இருந்து மேரிலாந்தின் கம்பர்லேண்ட் வரை 150 மைல். பிட்ஸ்பர்க் பக்கமும் கம்பர்லேண்ட் பக்கமும் கொஞ்ச தூரம் தார். மற்றபடி பெரும்பாலும் பொடிசெய்த சுண்ணாம்புக்கல் போட்டு அமுக்கிய மண்பாதை. கார், லாரி கிடையாது. ஆங்காங்கே ஊர்ச்சாலையைக் கடப்பீர்கள், அவ்வளவுதான்.

இதில் சைக்கிள் ஓட்டுவதுதான் சுலபமான வேலை. சைக்கிளை அங்கே கொண்டு சேர்ப்பது, ராத்தங்க இடம் பிடிப்பது, முடித்துவிட்டுத் திரும்பி வருவது, இந்த மூன்றும்தான் ஆளை அலைக்கழிக்கும். நான் அலைந்துவிட்டேன். நீங்களும் அலைய வேண்டாம் என்றுதான் நான் செய்திருக்க வேண்டிய வரிசையிலேயே எழுதுகிறேன்.

1. திரும்பி வரும் வழியை முதலில் முடிவு செய்யுங்கள்

எல்லோரும் அறை தேடுவதில்தான் ஆரம்பிப்பார்கள். அது தலைகீழ். இது ஒரு முனையில் ஆரம்பித்து வேறு முனையில் முடிகிற பாதை. உங்கள் கார் ஒரு ஊரில் நிற்கும், நீங்கள் 150 மைல் தள்ளி நிற்பீர்கள். அதற்கு என்ன வழி என்று தெரிந்த பிறகுதான் தேதியே முடிவாகும்.

மூன்று வழிகள் உண்டு.

ரயில். வாஷிங்டனுக்கும் சிகாகோவுக்கும் இடையே ஓடும் ஆம்ட்ராக் ரயில் கம்பர்லேண்ட், கானல்ஸ்வில், பிட்ஸ்பர்க் மூன்றிலும் நிற்கிறது. முன்பு கேப்பிடல் லிமிடெட் என்று பெயர். 2024 நவம்பரில் இருந்து ஃப்ளோரிடியன் என்ற பெயரில் வாஷிங்டன் வழியாக மயாமி வரை போகிறது. பழைய பயணக்குறிப்புகளைப் படித்துவிட்டுப் பழைய பெயரில் தேடினால் ஒன்றும் கிடைக்காது.

ஒரு திசைக்கு ஒரு நாளைக்கு ஒரே வண்டி. மேற்கே போகிற வண்டி கம்பர்லேண்டுக்கு மாலையில் வந்து, பிட்ஸ்பர்கை நள்ளிரவை ஒட்டி அடையும். கிழக்கே போகிற வண்டி பிட்ஸ்பர்கில் விடியற்காலை ஐந்து மணியை ஒட்டிக் கிளம்பும். எந்தப் பக்கம் போனாலும் பிட்ஸ்பர்கில் ஒரு ராத்திரித் தூக்கம் கெடும். அந்த ஊரில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஓர் அறை தேவைப்படும் என்று இப்போதே கணக்கில் எழுதிவிடுங்கள். தண்டவாளம் சரக்கு ரயில் நிறுவனத்துடையது என்பதால் தாமதம் சகஜம். நேர அட்டவணையை நம்பி அன்றைக்கே விமான டிக்கெட் போடாதீர்கள்.

ரயிலில் பலர் மாட்டிக்கொள்வது சைக்கிள் இடத்தில்தான். ஆளுக்கு டிக்கெட் எடுத்தால் சைக்கிளுக்கும் எடுத்ததாக ஆகாது. சைக்கிளுக்குத் தனி முன்பதிவு, தனிக் கட்டணம். வழக்கமாக 20 டாலருக்குள் முடியும். ஆனால் ஒரு வண்டியில் இருப்பது சில இடங்கள்தான். அக்டோபர் வார இறுதிகளில் மனிதருக்கு இருக்கை இருக்கும், சைக்கிளுக்கு இருக்காது. அதனால் ஆன்லைனில் டிக்கெட் எடுக்கும்போது முதலில் சைக்கிள் இடம் காட்டுகிறதா என்று பாருங்கள். நீங்கள் ஏறும் நிலையம், இறங்கும் நிலையம் இரண்டிலும் சைக்கிள் ஏற்ற இறக்க அனுமதி இருந்தால்தான் அந்த வசதி வரும். வராவிட்டால் தேதியை மாற்றுங்கள். ‘அங்கே போய்ப் பேசிக்கொள்ளலாம்’ என்கிற பேச்சு இங்கே எடுபடாது.

இடைப்பட்ட நிலையங்களில் வண்டி கொஞ்ச நேரமே நிற்கும். பைகளைக் கழற்றிய சைக்கிளைத்தான் எடுத்துக்கொள்வார்கள். எனவே நடைமேடைக்கு வந்ததும் முதல் காரியமாகப் பக்கவாட்டுப் பைகள், தண்ணீர் பாட்டில், கைப்பிடிப் பை எல்லாவற்றையும் கழற்றி, ஒரே பெரிய பைக்குள் திணித்துத் தோளில் மாட்டிக்கொள்ளுங்கள். வண்டி வந்து நின்ற பிறகு நான்கு பைகளோடும் ஒரு சைக்கிளோடும் எந்தப் பெட்டி என்று தேடி ஓடுகிறவர்களைப் பார்த்தால் பாவமாக இருக்கும். எந்தப் பெட்டியில் ஏற்ற வேண்டும் என்று நிலையத்தில் ஆள் இருந்தால் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். ஆள் இல்லாவிட்டால் இறங்கும் நடத்துநரைப் பார்த்துக் கையைத் தூக்குங்கள்.

ஷட்டில். உங்களையும் சைக்கிளையும் வேனில் ஏற்றி மறுமுனையில் விடுகிற தனியார் சேவைகள் இருக்கின்றன. போன் செய்யும்போது கேட்க வேண்டிய முதல் கேள்வி: கட்டணம் ஆளுக்கா, வேனுக்கா? வேனுக்கு என்றால் தனியாகப் போகிறவருக்குக் கையைக் கடிக்கும். நான்கு பேர் சேர்ந்தால் ரயிலோடு ஒப்பிடும் அளவுக்கு வந்துவிடும். இரண்டாவது கேள்வி, ரத்து செய்தால் பணம் திரும்புமா என்பது.

ஒரு வழி வாடகைக் கார். சைக்கிளின் முன்சக்கரத்தைக் கழற்றிப் பின்னால் படுக்க வைக்கும் அளவு வண்டி வேண்டும். வேறு ஊரில் விடுவதற்குத் தனிக் கட்டணம் போடுவார்கள். கம்பர்லேண்ட் சின்ன ஊர், ஞாயிற்றுக்கிழமை கார் எடுக்கலாம் விடலாம் என்று கற்பனை செய்யாதீர்கள். அலுவலக நேரத்தைக் கேட்டுவிட்டுப் பதிவு செய்யுங்கள்.

என் யோசனையைக் கேட்டால்: காரைப் பயணம் முடிகிற ஊரில் விட்டுவிட்டு, ரயிலிலோ ஷட்டிலிலோ ஆரம்பிக்கிற ஊருக்குப் போய், காரை நோக்கி ஓட்டி வாருங்கள். கடைசி நாள் ஒரு மணி நேரம் முன்னே பின்னே ஆனாலும் யாரும் உங்களுக்காகக் காத்திருக்க மாட்டார்கள், எந்த வண்டியும் போய்விடாது. காரை ராத்திரியும் விட்டுவைக்க அனுமதி உள்ள இடம்தானா என்பதை மட்டும் உறுதி செய்துகொள்ளுங்கள். எல்லா டிரெயில் நிறுத்துமிடங்களிலும் அது கிடையாது.

2. மாதமும் கிழமையும்

மே முதல் அக்டோபர் வரை தாராளமாகப் போகலாம். ஏப்ரலிலும் நவம்பரிலும் குளிரும் மழையும் கூடவே வரும்.

குளிர்காலத்தில் ஒரே ஒரு காரணம் முழுப் பயணத்தையும் நிறுத்திவிடும். வழியில் வரும் பிக் சாவேஜ் சுரங்கப்பாதையை நவம்பர் கடைசி அல்லது டிசம்பரில் கதவு போட்டு மூடிவிட்டு, ஏப்ரல் தொடக்கத்தில்தான் திறக்கிறார்கள். உள்ளே நீர் கசிந்து உறைவதால் சுரங்கத்தைக் காப்பாற்ற இந்த ஏற்பாடு. மூடியிருக்கும்போது சுற்றிப் போக நல்ல வழி கிடையாது, மலைச்சாலையில்தான் ஏற வேண்டும். மார்ச் கடைசியில் வெயிலைப் பார்த்துவிட்டுக் கிளம்புகிறவர்கள், திறக்கும் தேதியை டிரெயில் அமைப்பின் அறிவிப்பில் பார்த்த பிறகு அறை போடுங்கள்.

கிழமை விஷயத்தில் இரண்டு பக்கமும் இடி. சனி, ஞாயிறில் அறை கிடைக்காது, சில விடுதிகள் ‘குறைந்தது இரண்டு ராத்திரி’ என்பார்கள். திங்கள், செவ்வாயில் அறை தாராளமாகக் கிடைக்கும், சாப்பாட்டுக் கடைகள் பூட்டியிருக்கும். இந்த ஊர்களில் பலவற்றில் மொத்தமே இரண்டு மூன்று உணவகம்தான், வாரத் தொடக்கத்தில் அவர்கள் லீவு எடுத்துக்கொள்கிறார்கள். நான் புதன்கிழமை ஆரம்பித்துச் சனிக்கிழமை முடிப்பதையே சொல்வேன்.

அக்டோபர் நடுவில் மலை முழுக்க இலைகள் நிறம் மாறும். அழகுதான். ஆனால் அந்த வாரங்களுக்குப் பல மாதம் முன்பே அறை போட்டாக வேண்டும். முதல் பயணத்துக்கு நான் செப்டம்பரைத்தான் கை காட்டுவேன். வெயில் தணிந்திருக்கும், கூட்டமும் குறைவு.

3. எந்த முனையில் ஆரம்பிப்பது

ரயில் எஞ்சினால் செங்குத்தாக ஏற முடியாது. அதனால் இந்தத் தடம் முழுவதும் ஏற்றம் இரண்டு சதவீதத்துக்குள்தான். ஆனால் இரண்டு முனையும் ஒன்று போல இல்லை.

மைல் கற்கள் கம்பர்லேண்டில் பூஜ்யத்தில் தொடங்கி பிட்ஸ்பர்கில் 150இல் முடிகின்றன. உச்சி, கம்பர்லேண்டில் இருந்து 24ஆவது மைலை ஒட்டி வருகிறது. கிழக்குக் கண்ட நீர்ப்பிரிப்பு மேடு என்று பலகை இருக்கும். உயரம் 2,392 அடி. அதாவது கம்பர்லேண்டில் ஆரம்பித்தால் முதல் 24 மைலில் 1,700 அடிக்கு மேல் ஏறிவிட்டு, மிச்சம் 126 மைலும் பொதுவாக இறக்கம். பிட்ஸ்பர்கில் ஆரம்பித்தால் 126 மைலும் தெரியாத மாதிரி ஏற்றம், அதிலும் கன்ஃப்ளூயன்ஸ் என்ற ஊரைத் தாண்டிய பிறகு 38 மைலில் ஆயிரம் அடிக்கு மேல். கடைசி 24 மைல் மட்டும் காற்றாய்ப் பறக்கலாம்.

பெரும்பாலானவர்கள் பிட்ஸ்பர்கில் ஆரம்பிக்கச் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. முதல் நாள் காலை உடம்பில் தெம்பு இருக்கும்போதே ஏற்றத்தை முடித்துவிடுவது மேல். மூன்றாம் நாள் களைத்துப்போய், கண்ணுக்குச் சமதளம் போலத் தெரியும் பாதையில் வேகம் ஏறாமல் ‘பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறதோ’ என்று இறங்கிப் பார்ப்பது வேண்டாத வேலை.

கம்பர்லேண்ட் ஏற்றம் பயமாக இருந்தால் அதற்கும் குறுக்கு வழி உண்டு. கம்பர்லேண்டில் இருந்து ஃப்ராஸ்ட்பர்க் வரை வெஸ்டர்ன் மேரிலாந்து சீனிக் ரெயில்ரோடு என்ற சுற்றுலா ரயில் டிரெயிலை ஒட்டியே ஓடுகிறது. சைக்கிளையும் ஏற்றிக்கொள்வார்கள், முன்பதிவு வேண்டும். 16 மைல் ஏற்றம் அப்படியே கழிந்துவிடும், மிச்சம் எட்டு மைல்தான். தினமும் ஓடாது, சீசனில் குறிப்பிட்ட நாட்களில்தான். அட்டவணையைப் பார்த்துவிட்டுத் தேதி குறியுங்கள்.

வாஷிங்டனில் இருந்தே வரலாமே என்று சிலர் கேட்பார்கள். வரலாம். கம்பர்லேண்டில் இந்தப் பாதையோடு சி அண்ட் ஓ கால்வாய்க் கரைப்பாதை சேர்கிறது, அது இன்னும் 184.5 மைல். ஆனால் அது ரயில் தடம் இல்லை. பழைய கால்வாயின் கரையில் கோவேறு கழுதைகள் படகிழுத்த பாதை. மழை பெய்தால் சேறு, மரவேர், பள்ளம். அதில் சில மைல்களைத் தவிர்க்க, ஹான்காக் ஊர்ப் பக்கம் பக்கத்திலேயே ஓடுகிற வெஸ்டர்ன் மேரிலாந்து ரெயில் டிரெயிலின் தார்ப்பாதைக்கு மாறிக்கொள்பவர்கள் உண்டு. முதல் பயணத்திலேயே அகலக் கால் வைக்க வேண்டாம். 150 மைல் போதும்.

4. எத்தனை நாள்

நான்கு நாள். ஒருவேளை நீங்கள் வாராவாரம் ஐம்பது மைல் ஓட்டுகிறவராக இருந்தால் மூன்று.

நான் சொல்லும் பிரிப்பு இது: முதல் நாள் கம்பர்லேண்ட் முதல் மையர்ஸ்டேல், 32 மைல். இரண்டாம் நாள் மையர்ஸ்டேல் முதல் ஒஹையோபைல், 40 மைல். மூன்றாம் நாள் ஒஹையோபைல் முதல் வெஸ்ட் நியூட்டன், 42 மைல். நான்காம் நாள் வெஸ்ட் நியூட்டன் முதல் பிட்ஸ்பர்க், 36 மைல்.

நின்று, தின்று, படம் எடுத்துப் போனால் மணிக்கு எட்டு மைல் என்று வைத்துக்கொள்ளுங்கள். 40 மைலுக்கு ஐந்து மணி நேரம். ‘சமதளம்தானே, 75 மைல் போகலாம்’ என்று தோன்றும். தோன்றட்டும், போகாதீர்கள். சாதாரணச் சாலையில் மேட்டில் எழுந்து நின்று மிதிப்போம், இறக்கத்தில் மிதிக்காமல் உருள்வோம், உடம்பு இடம் மாறிக்கொண்டே இருக்கும். ரயில் தடத்தில் அது நடக்காது. காலையில் எப்படி உட்கார்ந்தீர்களோ அப்படியே மாலை வரை உட்கார்ந்து, ஒரே கியரில், ஓயாமல் மிதித்துக்கொண்டே இருக்க வேண்டும். கால் வலிக்காது. பின்புறம் புண்ணாகும், உள்ளங்கை மரத்துப்போகும், கழுத்து பிடித்துக்கொள்ளும். எட்டு மைலுக்கு ஒருமுறை இறங்கி நான்கு நிமிஷம் நடங்கள். ஜெல் வைத்த பெரிய இருக்கை உறை வாங்கிப் போடுவது பலன் தராது. திணிப்பு வைத்த சைக்கிள் கால்சட்டை இரண்டு வாங்குங்கள், உள்ளாடை இல்லாமல் போடுங்கள். இது கேட்கக் கூச்சமாக இருந்தாலும் இரண்டாம் நாள் காலையில் என்னை நினைத்துக்கொள்வீர்கள்.

5. ராத்தங்க இடம்

இப்போதுதான் அறை தேட வேண்டும். தேதியும் ஊரும் கையில் இருப்பதால் ஒரே மாலையில் முடிந்துவிடும்.

சின்ன விடுதிகள் பல ஆன்லைன் பதிவுத் தளங்களில் வராது. டிரெயில் அமைப்பு வெளியிடும் ஊர்வாரிப் பட்டியலில் போன் நம்பர் இருக்கும், நேரே பேசுங்கள். பேசும்போது மூன்று விஷயம் கேளுங்கள்: சைக்கிளைப் பூட்டி வைக்க உள்ளே இடம் உண்டா, டிரெயிலில் இருந்து விடுதி வரை மேடா, காலைச் சாப்பாடு எத்தனை மணிக்கு. நடுக் கேள்வி முக்கியம். டிரெயில் ஆற்றங்கரையிலோ மலைச்சரிவிலோ போகும், ஊர் மேலே இருக்கும். ஃப்ராஸ்ட்பர்கில் டிரெயிலில் இருந்து பழைய ரயில் நிலையத்துக்கு வளைந்து வளைந்து ஏற வேண்டும். ஒஹையோபைல் மாநிலப் பூங்காவின் கென்டக் முகாம் படத்தில் பக்கத்தில் இருப்பது போலத் தெரியும். சுமையோடு அந்த மேட்டை ஏறிப் பார்த்தவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும்.

கூடாரம் போடுகிறவர்களுக்கு: குறிக்கப்பட்ட முகாம்களில் மட்டும்தான் போடலாம், வழியில் நினைத்த இடத்தில் கிடையாது. கன்ஃப்ளூயன்ஸில் அணைக்குக் கீழே அரசு முகாம் இருக்கிறது, ராக்வுட்டில் டிரெயில்காரர்களுக்கென்றே தனியார் முகாம் இருக்கிறது. பென்சில்வேனியா மாநிலப் பூங்கா முகாம்களை 11 மாதம் முன்பிருந்தே பதிவு செய்யலாம், கோடை வார இறுதிகள் அதனால்தான் சீக்கிரம் நிறைகின்றன.

இன்னொன்று. ஆற்றின் மறுகரையில் சரக்கு ரயில் இன்னும் ஓடுகிறது. ராத்திரி இரண்டு மணிக்கும் ஹாரன் அடிப்பார்கள். பள்ளத்தாக்கு முழுக்க எதிரொலிக்கும். காதுக்குப் பஞ்சோ ரப்பர் அடைப்போ இல்லாமல் கூடாரத்தில் படுக்காதீர்கள்.

6. கையில் இருக்க வேண்டிய காகிதங்கள்

டிரெயிலுக்கு அனுமதிச் சீட்டோ நுழைவுக் கட்டணமோ எதுவும் கிடையாது. யாராவது ‘டிரெயில் பாஸ்’ என்று விற்றால் வாங்காதீர்கள்.

ஆம்ட்ராக்கில் 18 வயதுக்கு மேற்பட்டவர்கள் படம் ஒட்டிய அடையாள அட்டை வைத்திருக்க வேண்டும். ஓட்டுநர் உரிமம் போதும். ஊரில் இருந்து வந்திருக்கும் அம்மா அப்பாவுக்குப் பாஸ்போர்ட்.

விசாவில் இருப்பவர்கள் இதைக் கவனியுங்கள். அமெரிக்கச் சட்டப்படி 18 வயது முடிந்த வெளிநாட்டவர் தங்கள் பதிவு ஆவணத்தை எப்போதும் உடன் வைத்திருக்க வேண்டும். கிரீன் கார்டு இருந்தால் அது, இல்லாவிட்டால் நாட்டுக்குள் வந்த பதிவைக் காட்டும் ஐ-94. சுங்க எல்லைப் பாதுகாப்புத் துறையின் அதிகாரப்பூர்வத் தளத்தில் ஐ-94ஐ இலவசமாக எடுத்து அச்சிடலாம். அதே போலவே தோற்றமளிக்கும் வேறு தளங்கள் காசு கேட்கும், தேடலில் முதலில் வருவதும் சில நேரம் அவைதான். அச்சிட்டதை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கைப்பிடிப் பையில் வையுங்கள். போனில் படம் இருக்கிறதே என்று விடாதீர்கள், வழியில் போன் நனையும், சார்ஜ் தீரும்.

மருத்துவக் காப்பீட்டு அட்டை. பார்வையாளர் காப்பீட்டில் வந்திருக்கும் பெற்றோரை அழைத்துப் போவதானால், சைக்கிள் விழுந்து அடிபட்டால் பணம் தருவார்களா என்று பாலிசியைப் படித்துப் பாருங்கள். சில பாலிசிகளில் விளையாட்டு விபத்துக்கு விலக்கு இருக்கும்.

வாடகைச் சைக்கிள் எடுப்பதானால் அடையாள அட்டை, கிரெடிட் கார்டு, பொறுப்புத் துறப்புக் கையெழுத்து மூன்றும் கேட்பார்கள். 18 வயதுக்குட்பட்டவர்களுக்குப் பெற்றோர் கையெழுத்துப் போட வேண்டும். டெபிட் கார்டு கொடுத்தால் முன்பணமாக நிறுத்தி வைக்கும் தொகை சில நாள் உங்கள் கணக்கில் இருந்து காணாமல் போகும். கிரெடிட் கார்டே நல்லது.

7. சைக்கிள்

சாலைப் பந்தயச் சைக்கிளின் ஒல்லி டயர் சரிப்படாது. 35 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ அகலமான டயர் வேண்டும். விலை உயர்ந்த சைக்கிள் தேவையில்லை, கடைக்காரர் நம்ப வைப்பார், நம்பாதீர்கள். நல்ல நிலையில் இருக்கும் ஹைப்ரிட் சைக்கிள் போதும். கிளம்புவதற்கு இரண்டு வாரம் முன்பு சர்வீஸ் கொடுங்கள், முந்தைய நாள் கொடுத்தால் புதிதாகக் கட்டிய கேபிள் வழியில்தான் தளரும்.

மழை வந்தால் பாதை சேறாகாது, ஆனால் சுண்ணாம்புப் பொடி தண்ணீரோடு குழைந்து சாம்பல் நிறப் பசையாகிவிடும். அது சக்கரத்தில் இருந்து தெறித்துச் செயின், கியர், பிரேக் எல்லாவற்றிலும் ஏறி உப்புத்தாள் மாதிரி தேய்க்கும். மட்கார்டு கட்டாயம். ஒரு பழைய துணியும் ஒரு சின்னச் செயின் எண்ணெய்க் குப்பியும் எடுத்துக்கொள்ளுங்கள். மாலையில் விடுதிக்கு வந்ததும் துணியால் செயினைப் பிடித்துக்கொண்டு பெடலைப் பின்பக்கமாகச் சுழற்றுங்கள், சாம்பல் பசை துணியில் கோடு கோடாக வரும், வராத வரைக்கும் சுழற்றிவிட்டு எண்ணெய் விடுங்கள். விடுதித் துண்டில் துடைக்காதீர்கள், அபராதம் போடுவார்கள்.

இரண்டு உள்டியூப், பம்ப், டயர் நெம்பி, முன் விளக்கு, பின் விளக்கு, மணி. ஹெல்மெட் எல்லோரும் போடுங்கள். சட்டப்படி பென்சில்வேனியாவில் 12 வயதுக்குக் குறைந்தவர்களுக்கும் மேரிலாந்தில் 16 வயதுக்குக் குறைந்தவர்களுக்கும் கட்டாயம்.

8. செலவுக் கணக்கு

டிரெயிலுக்குப் பூஜ்யம். மற்றவற்றில் பெரிய தொகை அறைதான். அறை வாடகையாகச் சொல்லும் தொகையோடு பென்சில்வேனியாவில் 6 சதவீத விடுதி வரியும், அதற்கு மேல் கவுண்டி (மாவட்ட) வரியும் சேரும். உணவகத்தில் 15 முதல் 20 சதவீதம் டிப். ரயில் டிக்கெட் விலை கிளம்பும் நாள் நெருங்க நெருங்க ஏறும், அதனால் தேதி முடிவான அன்றே எடுங்கள்.

இரண்டு பேர் ஓர் அறையைப் பகிர்ந்தால் செலவு கிட்டத்தட்டப் பாதி. தனியாகப் போகிறவர்கள் இரண்டு ராத்திரி முகாம், ஒரு ராத்திரி அறை என்று கலந்துகொள்ளலாம். ஆனால் கூடாரம், தூக்கப்பை எல்லாம் புதிதாக வாங்கினால் மிச்சம் பிடித்தது அதிலேயே போய்விடும். சில்லறையாகக் கொஞ்சம் டாலர் நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். சின்ன ஊர்க் கடைகளில் கார்டு மெஷின் சிக்னல் இல்லாமல் நிற்கும் நாளும் உண்டு.

9. வழியில்

சுரங்கங்களில் மூன்று முதல் நாளிலேயே வரும். பிரஷ் சுரங்கத்தை அந்தச் சுற்றுலா ரயிலும் பயன்படுத்துகிறது. ஊதல் கேட்டாலோ ரயில் தெரிந்தாலோ வெளியே நில்லுங்கள், போன பிறகு நுழையுங்கள். போர்டன் சுரங்கத்தில் விளக்கு இல்லை. நடுவில் உங்கள் கை உங்களுக்குத் தெரியாது. சைக்கிள் விளக்கு இருந்தாலும் வெயிலில் இருந்து நேரே உள்ளே போனால் கண் பழக நேரம் எடுக்கும், வாசலிலேயே கருப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு மெதுவாகப் போங்கள். எதிரே நடந்து வருகிறவர்கள் விளக்கில்லாமல் வருவார்கள்.

பிக் சாவேஜ் 3,294 அடி நீளம், உள்ளே விளக்கு உண்டு. ஆகஸ்ட் வெயிலிலும் உள்ளே சில்லென்று இருக்கும், கூரையில் இருந்து சொட்டும். ஏற்றம் ஏறி வியர்த்த உடம்போடு நுழைவதால் வாசலிலேயே ஜாக்கெட் போட்டுக்கொள்ளுங்கள். நுழைவதற்கு முன் வாசலுக்குப் பக்கத்தில் நின்று திரும்பிப் பாருங்கள், மேரிலாந்து மலைகள் அடுக்கடுக்காகத் தெரியும். எல்லோரும் படம் எடுக்கும் இடம் அதுதான். உச்சிப் பலகையில் படம் எடுக்க வரிசை நிற்கும், எனக்கு இதுவே போதும்.

மையர்ஸ்டேல் தாண்டியதும் சாலிஸ்பரி பாலம், 1,908 அடி, காற்றடிக்கும் நாளில் தொப்பியைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

சாப்பாடு விஷயத்தில் ஒஹையோபைல் முதல் கானல்ஸ்வில் வரையான 17 மைலைக் குறித்துக்கொள்ளுங்கள். காடும் ஆறும்தான், கடை கிடையாது. கானல்ஸ்வில்லில் டிரெயிலை ஒட்டியே பெரிய சூப்பர் மார்க்கெட் உண்டு, அங்கே இரண்டு நாளைக்கு வாங்கிவிடலாம். சைவம் சாப்பிடுகிறவர்கள் உணவகத்தை நம்பினால் சீஸ் பீட்சாவும் உருளைக்கிழங்கு வறுவலும்தான் மாறி மாறி வரும். சப்பாத்தி, புளிக்காய்ச்சல், ஊறுகாய், கடலை உருண்டை எடுத்துப் போகலாம், முதல் இரண்டு நாளைக்குக் கெடாது. சமையலறைகள் ராத்திரி எட்டுக்கே மூடுவது சாதாரணம், ஆறரைக்குள் மேசையில் இருங்கள்.

தண்ணீர் மூன்று லிட்டர் எடுங்கள். போன் சிக்னல் மலைப்பகுதியில் பல மைல் இருக்காது. வரைபடத்தை இறக்கி வையுங்கள். 911 கூப்பிட நேர்ந்தால் இங்கே தெரு முகவரி கிடையாது, மைல் கல் எண்ணைத்தான் சொல்ல வேண்டும். அதனால் கடைசியாகப் பார்த்த எண்ணை மனதில் வைத்துக்கொண்டே போகும் பழக்கம் நல்லது.

மூன்று இலைக் கொத்தாக இருக்கும் செடியைத் தொடாதீர்கள், பாய்சன் ஐவியாக இருக்கலாம், உடம்பெல்லாம் கொப்புளிக்கும். புல்லில் உட்கார்ந்து எழுந்தால் உண்ணி ஏறும். ராத்திரி குளிக்கும்போது முழங்கால் பின்புறம், இடுப்பு, காதுக்குப் பின்னால் தடவிப் பாருங்கள். லைம் நோய் இந்தப் பகுதியில் உண்டு. உண்ணி ஒட்டியிருந்தால் நுனி மெல்லிய இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுத்து எடுங்கள்.

முந்தும்போது மணி அடித்து, ‘ஆன் யுவர் லெஃப்ட்’ என்று சொல்லிவிட்டு இடப்பக்கமாகப் போங்கள். நமக்குச் சத்தம் போட்டுச் சொல்லக் கூச்சமாக இருக்கும். சொல்லாமல் உரசிப் போனால்தான் அவர்களுக்குக் கோபம் வரும்.

10. முழுசும் வேண்டாம், ஒரு நாள் போதும் என்பவர்களுக்கு

ஒஹையோபைலுக்குக் காரில் போங்கள். அங்கேயே வாடகைச் சைக்கிள் கிடைக்கும். கன்ஃப்ளூயன்ஸ் வரை பத்து மைல், ஆற்றை ஒட்டியே, நிழலில். அங்கே சாப்பிட்டுவிட்டுத் திரும்பினால் இருபது மைல். போகும்போது லேசான ஏற்றம், வரும்போது லேசான இறக்கம், அதனால் களைப்பு திரும்பும் வழியில் தெரியாது. வெறும் நடைக்கு வந்த பெரியவர்கள் இருந்தால் ஒஹையோபைலில் ஆற்றுக்கு மேலே இருக்கும் டிரெயில் பாலங்கள் வரை போய் வரலாம், அருவியும் ஊரிலேயே இருக்கிறது. கோடை ஞாயிற்றுக்கிழமைகளில் காலை பத்து மணிக்கு மேல் கார் நிறுத்த இடம் கிடைக்காது. ஒன்பதுக்கே அங்கே இருங்கள், சைக்கிளையும் முந்தைய நாளே போனில் சொல்லி வையுங்கள். குழந்தைக்கு இழுவை வண்டி வேண்டுமானால் எண்ணிக்கை குறைவாகத்தான் வைத்திருப்பார்கள் என்பதால் அதை முதலில் கேளுங்கள்.